நாப்கோ போட்ட 1958 செவ்ரோலெட்: ஒன்பது வருடம் ஓட்டிய அனுபவம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், லெட்வில் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேலே. வருடத்தில் பாதி நாள் பனி. அங்கே ஓட்டத்தான் ஒன்பது வருடத்துக்கு முன் இந்த 1958 செவ்ரோலெட் 3100 பிக்கப்பை வாங்கினேன். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, ஆனால் அந்த ஏற்பாடு செவ்ரோலெட் செய்தது இல்லை. மினியாபொலிஸில் இருந்த நாப்கோ நிறுவனத்தின் ‘பவர் பேக்’ செட்.

அந்தக் காலத்தில் இதுதான் வழக்கம். 1930களிலேயே இண்டியானாபொலிஸின் மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம் ஃபோர்டு லாரிகளை வாங்கி ஃபோர் வீலாக மாற்றி விற்றது. நாப்கோ செட்டை 1957 முதல் செவ்ரோலெட் தொழிற்சாலையிலேயே பொருத்தி வாங்க முடிந்தது. 1960இல் செவ்ரோலெட் சொந்தமாக ஃபோர் வீல் போட ஆரம்பித்ததும் அந்தத் தேவை போய்விட்டது.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். சேஸியை எங்கும் வெட்டவில்லை. ஓட்டை போட்டு போல்ட்டில் மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். முன் ஆக்சிலுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியல் (வளைவில் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி), செவ்ரோலெட்டின் பின் ஆக்சில் வகையே. அதனால் நாப்கோ போன பிறகும் உள் பாகங்களுக்குத் தவித்ததில்லை. எஞ்சினின் இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸோடு ஒட்டாமல், ரப்பர் மவுண்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட்.

அந்த ரப்பர்தான் என்னை இரண்டு வருடம் அலைய வைத்தது. மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொட்டால் சீட்டுக்கு அடியில் ஒரு அதிர்வு. ஒரு ஒர்க்‌ஷாப்பில் குட்டி ஷாஃப்ட்டின் ஜாயின்டுகளை இரண்டு முறை மாற்றினார்கள். அதிர்வு அப்படியே இருந்தது. அப்புறம் நானே ஜாக்கி போட்டு டிரான்ஸ்ஃபர் கேஸை அசைத்துப் பார்த்தேன். மவுண்ட் ரப்பர் கல்லாக இறுகி, கேஸ் ஒரு பக்கம் சரிந்திருந்தது. புது ரப்பர் போட்ட அன்றே அதிர்வு நின்றது.

மலைப்பாதையில் இந்த வண்டிக்கு ஈடு நான் ஓட்டியதில் எதுவும் இல்லை. நான்கு சக்கரமும் இழுப்பதை விட, லோ கியர்தான் பெரிய வரம். நான்கு கியர் பெட்டியில் முதல் கியரின் விகிதம் மட்டுமே 7.05, அதாவது எஞ்சின் 7.05 சுற்று சுற்றினால் வெளியே ஒரு சுற்று. அதோடு டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியரும் ஆக்சிலின் 3.90உம் சேர்ந்தால் மொத்தம் 50 மடங்குக்கு மேல் வருகிறது. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விட்டால், மனிதன் நடப்பதை விட மெதுவாகக் கல்லின் மேல் ஏறும். இறங்கும்போது பிரேக்கில் கால் வைக்க வேண்டியதே இல்லை. பழைய சுரங்கப் பாதைகளில் ஒரு பக்கம் பாதாளமாக இருக்கும்போது அந்த நிதானம் எவ்வளவு தைரியம் தரும் என்பதை ஓட்டிப் பார்த்தால்தான் புரியும். இந்த உயரத்தில் காற்று மெலிந்து, 235 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினின் வலுவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. மெலிந்த காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைக்க, கார்புரேட்டரில் சின்ன ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போட்டிருக்கிறேன். மீதியை லோ கியர் பார்த்துக்கொள்கிறது.

தார் ரோடு வேறு கதை. பவர் ஸ்டீயரிங் கிடையாது; பனியில்லாத பார்க்கிங்கில் திருப்பினால் தோள் வலிக்கும். வளைக்க இடம் நிறைய வேண்டும். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்தான் எனக்குக் கிடைக்கிறது. முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் இல்லாததால் காய்ந்த ரோட்டில் ஃபோர் வீலில் ஓட்டவே கூடாது. முதல் குளிர்காலத்தில் அது தெரியாமல் எட்டு கிலோமீட்டர் வந்துவிட்டேன். டிரான்ஸ்ஃபர் கேஸ் லிவர் இறுகிப்போய் டூ வீலுக்கு வரவே இல்லை. பயந்துவிட்டேன். பக்கத்துப் பண்ணைப் பெரியவர்தான், “கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க தம்பி” என்கிற மாதிரி கையைக் காட்டினார். நாலடி பின்னால் போனதும் முறுக்கு தளர்ந்து லிவர் விழுந்தது.

வாங்க நினைப்பவர்கள் பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். முன் சக்கரத்தின் பின்னால் ஸ்டீயரிங் திரும்பும் இடத்தில் ஒரு உருண்டை இருக்கும். அதில் துரு தின்ற குழிகள் இருந்தால் புது சீல் போட்டாலும் நிற்காது, கிரீஸ் வெளியே வந்து தண்ணீர் உள்ளே போகும். என் வண்டியின் முந்தைய சொந்தக்காரர் அதைக் கவனிக்கவே இல்லை. உருண்டையைத் தேய்த்து வழவழப்பாக்க ஒரு மாதம் ஆனது. முன் சக்கரங்களில் லாக்கிங் ஹப் (சக்கரத்தை ஆக்சிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் பூட்டு) இருக்கிறதா என்றும் பாருங்கள். கோடையில் அதைத் திறந்து விட்டால் முன் ஆக்சில் வீணாகச் சுழலாது. பிரேக் ஒற்றை சர்க்யூட். ஒரு குழாய் விட்டால் நான்கும் போச்சு. நான் இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றிவிட்டேன். அசல் தன்மை கெடும் என்பவர்கள் சொல்லட்டும், என் பிள்ளைகள் ஏறும் வண்டி இது.

இப்போது வலது உருண்டையில் திரும்பவும் லேசாகக் கசிவு. சீல் வாங்கி வைத்தாயிற்று, அக்டோபர் பனிக்குள் கழற்ற வேண்டும்.