ஏறாத டீசல் காரும் ஒரு ரப்பர் குழாயும்

வட சென்னையில் கார் ஓட்டுகிறவனுக்கு மேடு என்றால் மேம்பாலம்தான். மற்றபடி எந்தப் பக்கம் திரும்பினாலும் தரை சமம். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டே இருக்கும் வண்டிக்கு பாதி பலம் போனாலும் யாருக்குத் தெரியப்போகிறது? என் 1.3 லிட்டர் டீசலுக்கு அப்படித்தான் போயிருக்கிறது, எப்போதிருந்து என்று இன்றுவரை தெரியாது.

வெளிச்சத்துக்கு வந்தது ஏலகிரியில். வண்டி நிறைய ஆள், டிக்கி நிறைய சாமான், ஏசி வேறு. மூன்றில் ஏறவேண்டிய மேட்டில் இரண்டுக்கு இறங்கினேன், அப்புறம் ஒன்றுக்கு. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் ஆர்பிஎம் முள் 2000-ஐத் தாண்ட மறுத்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. கொஞ்ச நேரத்தில் இன்ஜின் விளக்கும் எரிந்தது. ஓரம்கட்டி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் சிறிது தூரம் ஒழுங்காக ஓடும், பிறகு பழையபடி. அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பாரி பெயர் வைத்த வளைவில் ஒரு முல்லைக்கொடி இருந்திருந்தால் வண்டியை அதனிடமே விட்டுவிட்டு பஸ் ஏறியிருப்பேன்.

திரும்பி வந்ததும் சர்வீஸ் சென்டர். "மலையில காத்து கம்மி சார், எல்லா வண்டியும் அப்படித்தான்" என்றார் அங்கிருந்தவர். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 11 சதவீதம் குறையும், உண்மைதான். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் அதை நன்றாகவே உணரும். ஆனால் குறைகிற காற்றை அழுத்தி உள்ளே தள்ளத்தானே டர்போ இருக்கிறது? அதுவும் மலை உச்சியில் இல்லை, அடிவாரத்தைத் தாண்டியதுமே ஆரம்பித்த பிரச்சினை இது. சொன்னேன். டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள். மூலக்கடை மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் மிதித்துப் பார்த்தேன், அதே புகை, அதே சோம்பல்.

இரண்டாவது தடவை ஸ்கேனர் போட்டார்கள். பி0299 என்று எரர் கோட். டர்போவின் அழுத்தம் இருக்கவேண்டிய அளவுக்கு இல்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். ஏன் இல்லை என்று அது சொல்லாது. இவர்களோ டர்போ போய்விட்டது, முழுசாக மாற்றவேண்டும், 30,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்று எஸ்டிமேட்டை நீட்டினார்கள். பானெட்டுக்குள் கைவிட்டு ஒரு குழாயைத் தடவிப் பார்க்கக்கூட ஆள் இல்லை.

வியாசர்பாடியில் ஷெட் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ரவுண்டு வந்தார். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது, இதில் ஆர்பிஎம்மே ஏறவில்லை, அதனால் கிளட்ச் இல்லை என்று முதலிலேயே தள்ளிவிட்டார். புகையைப் பார்த்ததும், "கருப்பா வருதுன்னா டீசல் போவுது சார், காத்துதான் போவல" என்றார்.

இந்த ஒரு வரியில்தான் முழு விஷயமும். டர்போ அழுத்திய காற்று சூடாக இருக்கும், அதைக் குளிரவைக்கத்தான் இன்டர்கூலர். அதிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் ஹோஸில், அடிப்பக்கம், கிளாம்ப் ஓரமாக விரல் நீளத்துக்கு ஒரு கீறல். வண்டி நின்றுகொண்டு ஓடும்போது அது மூடியே இருக்கும். மேட்டில் அழுத்தம் கூடும்போது மட்டும் வாய் திறக்கும். உள்ளே வரும் காற்றை அளக்கிற சென்சார் இருப்பது ஏர் ஃபில்டர் பக்கம், ஓட்டை இருப்பது அதற்கு அப்பால். ஆக, வழியில் கசிந்த காற்றும் இன்ஜினுக்கு வந்துவிட்டதாகக் கணக்குப் போட்டு கம்ப்யூட்டர் டீசலை ஊற்றுகிறது. எரிய காற்றில்லாத டீசல் கரும்புகையாகப் போகிறது. அழுத்தம் வராததைக் கவனித்ததும் பாதுகாப்புக்காக பலத்தையும் குறைத்துவிடுகிறது.

அவர் அதைக் கண்டுபிடித்தது கீழே எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டியிருந்த தூசியை வைத்து. உறுதி செய்ய, குழாயின் இரண்டு பக்கமும் அடைத்து, கம்ப்ரசர் காற்றை மெதுவாக விட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்தார். நுரை பொங்கியது. இன்ஜின் ஆவியோடு வரும் எண்ணெய் இந்தக் குழாய்களில் கொஞ்சம் படிவது சாதாரணம்தானாம். அந்த எண்ணெயும் சூடும் சேர்ந்து ரப்பரை வருடக்கணக்கில் கெடுக்கும். புது ஹோஸ், கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. எரர் கோடை அழித்த பிறகு இன்றுவரை அது திரும்ப வரவில்லை.

இப்போது வண்டி எப்படி என்றால், 1800 ஆர்பிஎம் தாண்டியதும் முதுகை சீட்டில் அழுத்துகிறது. இதைத்தான் பணம் கொடுத்து வாங்கியிருந்தேன் என்பதே மறந்துபோயிருந்தது. நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 22 கிலோமீட்டர் தருகிறது. இன்ஜினைப் பற்றி ஒரு குறை சொல்ல மனசு வராது. 1800-க்குக் கீழே தூங்குகிறதே என்றால், ஆமாம், தூங்குகிறது. பேசின் பிரிட்ஜ் நெரிசலில் அது எரிச்சல்தான்.

மச்சினன் இதே மாடலைப் பழையதாக வாங்கப் பார்க்கிறான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு இந்த இன்ஜின் நின்றுவிட்டது, இனி கிடைப்பதெல்லாம் வயதானதுதான். "மாமா, வாங்கலாமா?" என்றான். வேண்டாம் என்றேன். இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் என்றால், அந்த எஸ்டிமேட் பேப்பர் இன்னும் டேஷ்போர்டில் கிடக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் ரத்தம் கொதிக்கிறது. அடுத்த மாதம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கலாம்.

பிடிவாதமாக வாங்குவேன் என்றால், ஓட்டிப் பார்க்கத் தனியாகப் போகாதே, நாலு பேரை ஏற்றிக்கொள். ஏசியைப் போட்டு, ஏதாவது ஒரு மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் முழுசாக மிதி. பின்னால் பைக்கில் ஒருவனை வரச் சொல், புகையை அவன் பார்க்கட்டும்.