பெயர் இல்லாத பிறப்புச் சான்றிதழ்

2024 ஆடியில் ஊருக்குப் போனபோது, கோயில் கொடை பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று தெருவே நினைத்தது. நான் வந்தது ஒரு சான்றிதழுக்கு. அமெரிக்காவில் கிரீன் கார்டுக்கு ஐ-485 மனு போடுகிறவர்கள் பிறப்புச் சான்றிதழும் வைக்க வேண்டும். என்னிடம் இருந்ததில் அப்பா பெயர், அம்மா பெயர், ஆண் குழந்தை, தேதி எல்லாம் உண்டு. என் பெயர் மட்டும் இல்லை. 1979இல் பெயர் வைக்கும் முன்பே பதிவு முடிந்துவிட்டது. அப்புறம் யார் போய்ச் சேர்க்கிறார்கள்?

பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் 200 ரூபாய். நானோ நாற்பத்தைந்தைத் தொட்டவன். நல்ல காலம், 2000க்கு முந்தைய பதிவுகளுக்கும் 2024 டிசம்பர் 31 வரை அரசு அவகாசம் கொடுத்திருந்தது. பாஸ்போர்ட், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று நகல்களோடு நகராட்சியில் விண்ணப்பித்தேன். ஒன்பதாம் நாள் சான்றிதழ் கைக்கு வந்தது. டீச்செலவுக்குக்கூட யாரும் கேட்கவில்லை.

வாசல் வரை வந்தபிறகுதான் ஆங்கிலப் பகுதியைப் படித்தேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் 'என்' எழுத்தில் முடியும், இதில் 'எம்'. தட்டச்சு செய்தவரை என்ன சொல்ல? விண்ணப்பத்தில் தமிழில் மட்டும் எழுதிக் கொடுத்தவன் நான். அச்சடிக்கும் முன் திரையில் ஒரு தடவை காட்டுங்கள் என்று கேட்டிருக்கலாம். திருத்த இன்னும் ஆறு நாள் ஆனது.

தேதியிலும் ஒரு பொறி. சான்றிதழில் 05/07/1979, அதாவது ஜூலை 5. அமெரிக்காவில் மாதம்தான் முன்னால். பார்த்தபடியே மனுவில் எழுதினால் மே மாதமே பிறந்தவனாகிவிடுவேன்.

இனிஷியல்காரர்களுக்கு வேறொரு கண்டம் உண்டு. என் முதல் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. விசாவில் முழுப் பெயரையும் குடும்பப் பெயராக்கி, முதல் பெயருக்கு 'எஃப்என்யூ' என்று போட்டார்கள். 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். அதுவே அலுவலக அட்டையிலும் ஏறி, ஒரு வருடம் என்னை 'ஃப்னு' என்று அன்போடு கூப்பிட்டார்கள். பிறகு அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி பாஸ்போர்ட்டை மாற்றினேன். முன்பு வேறு பெயர்கள் இருந்தனவா என்று ஐ-485 கேட்கிறது. அங்கே ஃப்னுவையும் எழுத வேண்டும்.

பெயர் இவ்வளவு தாமதமாக ஏறியதால், துணைக்கு இரண்டு உறவினர்களின் பிரமாணப் பத்திரமும் இருக்கட்டும் என்றார் அமெரிக்காவில் உள்ள வக்கீல். நான் பிறந்தபோது விவரம் தெரிந்த வயதில் இருந்தவர்களாக வேண்டும். என்ன உறவு, எப்படி நேரில் தெரியும், அவர்களுடைய முகவரி, பிறந்த தேதி எல்லாம் அதில் வர வேண்டும். பெரியப்பாவையும் அத்தையையும் கூட்டிப்போனேன். 'நேரடியாக அறிவேன்' என்று நோட்டரி வாசித்ததும் அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"அறிவேனா? நல்லா கேட்டீய ஐயா! இவனைக் குளிப்பாட்ட வெந்நி வச்சதே நாந்தான்."

அதையும் ஆங்கிலத்தில் சேர்க்கச் சொன்னேன். வக்கீல் கேட்ட விவரமே அதுதானே.

கடைசியில் அத்தையின் பிறந்த தேதி. ஆதாரில் ஜனவரி 1 என்று இருந்தது. "சரிதானா அத்தை?" என்றேன்.

"எங்கம்மா கார்த்திகைன்னு சொல்லுவா. அட்டையில இப்படில்லா போட்டிருக்கான்" என்றாள்.

அட்டையில் உள்ளதையே எழுதினோம்.