அம்மாவின் கரண்ட் அடுப்பு: ஒரு குளிர்காலம் பாவித்த பிறகு

"புகை எங்காலை தம்பி போகுது?"

பெட்டியைப் பிரித்து, அடுப்பின் காலைப் பூட்டி, பிளக்கைக் குத்தி, ரிமோற்றை அமத்திய அடுத்த நிமிசம் அம்மா கேட்ட கேள்வி இது. புகையே இல்லை, இது கரண்ட் அடுப்பு என்றேன். எழும்பிப் போய்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தா. "அப்ப ஏன் இதுக்கு விறகு வைச்சிருக்கிறாங்கள்?"

உள்ளே இருந்தது பிளாஸ்டிக் விறகு. அடியில் இருந்து செம்மஞ்சள் லைற் அடிக்க, தணல் மாதிரி மினுங்கியது. என்னிடம் பதில் இல்லை.

அம்மா சாவகச்சேரியில் இருந்து போன செப்ரெம்பரில் வந்தா. நாங்கள் இருப்பது லண்டனில், ஹறோவில், 1930களில் கட்டிய வீடு. நானும் மனைவியும் வேலைக்குப் போனால் பகலில் அம்மா ஒரு ஆள் ஹோலில். அந்த ஒரு ஆளுக்காக காஸ் பொய்லரைப் போட்டு மேல்மாடி அறைகளையும் சேர்த்துச் சூடாக்குவது வீண். போடாமல் விட்டால் அம்மா இரண்டு சுவெற்றரும் மப்ளருமாகக் கதிரையில் சுருண்டு கிடப்பா. ஹோலில் பழைய நெருப்பு மாடம் ஒன்று பலகை அடித்து மூடிக் கிடந்தது. அதைத் திறந்து ஏதாவது வைப்போம் என்று வெளிக்கிட்டேன்.

முதல் ஆசை உண்மையான விறகு அடுப்பு. விலை கேட்டேன். அடுப்பு, புகைபோக்கிக்கு உட்குழாய், பூட்டுக்கூலி எல்லாமாக 2,800 பவுண் என்றார்கள். அதோடு லண்டனில் கண்டபடி விறகு எரிக்கவும் முடியாது. 1952 டிசம்பரில் ஐந்து நாள் நிலக்கரிப் புகை ஊரை மூடி ஆயிரக்கணக்கானோர் செத்துப்போனதும், அதன் பிறகு 1956இல் சுத்தமான காற்றுச் சட்டம் வந்ததும் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் விறகு எரிக்க அனுமதி பெற்ற அடுப்பு வேண்டும். வேண்டாம் சாமி என்று விட்டுவிட்டு 139 பவுணுக்கு இதை ஒன்லைனில் ஓடர் பண்ணினேன்.

கம்பனிப் பெயரைச் சொல்லவில்லை. இதே அடுப்பை, இதே கைபிடியோடு, வேறு வேறு பெயரில் மூன்று இடங்களில் பார்த்துவிட்டேன். எது யாருடையது என்று எனக்கே விளங்கவில்லை. பார்வைக்கு வார்ப்பிரும்பு விறகு அடுப்பு மாதிரி இருக்கும். உண்மையில் கறுப்புப் பூச்சு அடித்த மெல்லிய தகடு. உயரம் 56 சென்ரிமீற்றர், அகலம் 45, ஆழம் 28, நிறை 11 கிலோ. முன்னால் திறக்கிற கண்ணாடிக் கதவு, திறந்தால் உள்ளே அந்தப் பிளாஸ்டிக் விறகைத் தவிர ஒன்றும் இல்லை. கதவு எதற்கு என்று அம்மா கேட்காதது ஆச்சரியம்.

நெருப்பு வடிவாகத்தான் இருக்கிறது. எப்படிச் செய்கிறார்கள் என்று பின்பக்கத் தகட்டின் ஓட்டைகளால் ரோச் அடித்துப் பார்த்தேன். கோழி வாட்டுகிற கம்பி மாதிரி ஒரு மெல்லிய கம்பி மெதுவாகச் சுற்றுகிறது. அதில் கண்ணாடி போல மின்னுகிற சின்னச் சின்னத் தகட்டுத் துண்டுகள். எல்.ஈ.டி. வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து, விறகுக்குப் பின்னால் உள்ள மங்கல் திரையில் விழுகிறது. அவ்வளவு தான் நெருப்பு. விலை கூடினவற்றில் தண்ணீரை மீயொலி அதிர்வால் ஆவிபோலத் துமித்து அதில் லைற் அடிப்பார்கள், கடையில் ஒன்று பார்த்தேன், அசல் புகை மாதிரியே எழும்புகிறது. ஆனால் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், தொட்டி கழுவ வேண்டும். எங்கள் வீட்டில் மீன் தொட்டிக்கே தண்ணீர் மாற்ற ஆள் இல்லை.

என்னுடையதில் ஒரே ஒரு குறை: அரை நிமிசத்துக்கு ஒருமுறை அதே சுவாலை அதே இடத்தில் திரும்ப வரும். ஒருக்கால் கவனித்துவிட்டால் பிறகு அதை மட்டும் தான் கண் பார்க்கும். இதை வாசித்தவர்களும் இனிமேல் பார்ப்பீர்கள், மன்னிக்கவும்.

சூட்டைப் பற்றி விற்பனைப் பக்கத்தில் பெரிய பெரிய கதை எழுதியிருந்தார்கள். அதை நம்பாதீர்கள். இதற்குள் இருப்பது ஒரு சாதாரண காற்றாடி ஹீற்றர், அதில் 1 கிலோவாட், 2 கிலோவாட் என்று இரண்டு நிலை. சுப்பர்மார்க்கெற்றில் 30 பவுணுக்கு விற்கிற குட்டி ஹீற்றரும் 2 கிலோவாட் தான், அதுவும் இதே அளவு சூடு தான் தரும். மிச்சம் 109 பவுண் நெருப்பைப் பார்க்கிறதுக்குக் குடுத்த காசு. தெரிந்து குடுத்தால் சரி.

நாங்கள் பாவித்த அந்தக் குளிர்காலத்தில் கரண்ட் யூனிட் 26 பென்ஸ் அளவில், காஸ் 6 பென்ஸ் அளவில் போனது. அந்த விலைக்கு 2 கிலோவாட்டை ஒரு மணித்தியாலம் விட்டால் 52 பென்ஸ். முழு வீட்டையும் இதால் சூடாக்க நினைத்தால் பில் வரும்போது தெரியும். ஒரு அறை, ஒரு ஆள், இரண்டு மூன்று மணித்தியாலம் என்றால் கணக்குச் சரிவரும். எங்கள் ஹோலில் பதினைந்து நிமிசம் 2இல் விட்டு, பிறகு 1க்கு இறக்கினால் அம்மாவுக்குப் போதும். சூட்டை நிப்பாட்டிவிட்டு நெருப்பை மட்டும் எரிய விட்டால் செலவு கணக்கிலேயே இல்லை, ஒரு பின்னேரம் முழுக்க எரிந்தாலும் ஒரு பென்ஸ் தான் சொல்லலாம்.

இனிப் பூட்டின கதை. இதைத்தான் நான் பிழையாகச் செய்தேன்.

நெருப்பு மாடத்தின் பலகையைக் கழற்றினால் மேலே திறந்த புகைபோக்கி. கரியும் காய்ந்த பறவைக்கூடும் கொட்டியது. கீழே காற்றாடி வைத்த ஹீற்றரை வைத்தால் அந்தத் தூசு எல்லாவற்றையும் அது இழுத்து வீட்டுக்குள் ஊதும். புகைபோக்கி துடைக்கிறவர் வந்து 70 பவுண் வாங்கினார். கம்பளியால் செய்த மூடி ஒன்றைக் குழாய்க்குள் செருகச் சொன்னதும் அவர் தான். சீமெந்து வைத்து இறுக்க மூடிவிடாதே, காற்றோட்டம் இல்லாவிட்டால் சுவரில் ஈரம் ஊறும் என்றார்.

அடுத்தது வயர். அடுப்போடு வருகிற வயர் ஒன்றரை மீற்றர். என்னுடைய பிளக் பொயின்ற் இரண்டு மீற்றர் தள்ளி. நான் என்ன செய்தேன்? எல்லோரும் செய்கிறதைத் தான். ரீ.வி., ரவுட்டர், மகளின் ரப்லெற் சார்ஜர் குத்தியிருந்த நாலு ஓட்டை எக்ஸ்ரென்சனில் கடைசி ஓட்டையில் குத்தினேன். எக்ஸ்ரென்சன் வயர் கார்பெற் ஓரத்துக்குக் கீழே போனது, பார்க்க வடிவாக இருக்கட்டும் என்று.

மூன்றாம் நாள் ஈஸ்ற்ஹாமில் இருந்து மச்சான் வந்தான். அவனுக்கு வயரிங் தான் தொழில். தேத்தண்ணி குடித்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தான், வயரைப் பார்த்தான், கோப்பையை வைத்துவிட்டுப் போய் பிளக்கில் கை வைத்தான்.

"முதல் இதைக் கழட்டு."

"ஏன்ரா, 13 அம்பியர் எண்டு போட்டிருக்குத்தானே? இது 2 கிலோவாட், ஒன்பது அம்பியர் கூட வராது."

"கணக்குச் சரி. கெற்றிலும் தான் 3 கிலோவாட் இழுக்குது, ஆனா மூண்டு நிமிசத்தில நிண்டிடும். இது மணித்தியாலக்கணக்கா ஓடும். ஒவ்வொரு மூட்டிலையும் சூடு பிறக்கும். உன்ர எக்ஸ்ரென்சன்ர பல்லு தளர்ந்து போய்க் கிடக்கு, வந்து கையை வைச்சுப் பார்."

வைத்தேன். கை பொறுக்கவில்லை. கழற்றினால் ஓட்டையைச் சுற்றிப் பிளாஸ்ரிக் மண்ணிறமாகி இருந்தது. கார்பெற்றுக்குக் கீழே அந்த வயர், மேலே கதிரையில் அம்மா. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. குறிப்புப் புத்தகத்தின் நாலாம் பக்கத்திலேயே எக்ஸ்ரென்சனில் குத்தாதே என்று தடித்த எழுத்தில் போட்டிருந்ததைப் பிறகு தான் வாசித்தேன்.

அடுத்த சனிக்கிழமை மச்சான் மாடத்தின் பக்கச் சுவரில் புதுப் பொயின்ற் ஒன்று வைத்துத் தந்தான். இங்கிலாந்தில் பியூஸ் பெட்டியில் இருந்து புதிதாக ஒரு சேர்க்கிற் இழுப்பதென்றால் அது கட்டட விதிப்படி அறிவிக்க வேண்டிய வேலை. ஹோலில் ஏற்கெனவே ஓடுகிற வயரில் ஒரு பொயின்ற் கூட்டுவது அப்படி இல்லை. என்றாலும் தொழில் தெரிந்தவர் தான் செய்ய வேண்டும். அடுப்புக்கு நேர் மேலேயோ நேர் பின்னாலேயோ பொயின்ற் வரக்கூடாது என்று பக்கவாட்டில் அளந்து வைத்தான். பியூஸ் பெட்டியில், கரண்ட் கசிந்தால் தானாக வெட்டுகிற ஆர்.சி.டி. விசையின் சோதனைப் பொத்தானை அமத்தி, விசை விழுகிறதா என்று பார்த்தான். விழுந்தது. பிளக்குக்குள் 13 அம்பியர் பியூஸ் தானா என்றும் திறந்து பார்த்தான். சாமான் காசு மட்டும் வாங்கினான். வெளி ஆள் என்றால் நூறு பவுண் பக்கம் வந்திருக்கும். ஆகவே 139 பவுண் அடுப்பு என்று யாராவது சொன்னால், உங்கள் வீட்டில் பொயின்ற் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

முதல் நாள் தூசு எரிகிற மணம் வரும். பயப்பட வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்து அரை மணித்தியாலம் ஓட விட்டால் போய்விடும். அது ரப்பர் கருகுகிற மணமாக இருந்தாலோ, இரண்டு மூன்று நாள் நின்றாலோ நிப்பாட்டிவிட வேண்டும்.

மார்கழி நடுவில் வேலை நேரத்தில் அம்மா போன் எடுத்தா. "தம்பி, அடுப்பு செத்துப்போச்சு. நெருப்பு எரியுது, சூடு இல்லை." வந்து பார்த்தால் அடுப்பின் மேல் மூன்று சோடி ஈரச் சப்பாத்து மேசு. ஒன்று வழுகி முன்பக்கக் காற்று வாயை மூடியிருந்தது. உள்ளே சூடு ஏற, பாதுகாப்பு விசை தானாக ஹீற்றரை வெட்டிவிட்டது. நெருப்பு லைற் தனி என்பதால் அது பாட்டுக்கு எரிந்தது. பிளக்கைக் கழற்றி, பதினைந்து நிமிசம் ஆற விட்டு, காற்று வாயைத் துப்புரவாக்கித் திரும்பக் குத்த வேலை செய்தது. இந்த விசை இருப்பது நல்லது தான், ஆனால் அதை நம்பி உடுப்புக் காயவிடக் கூடாது. அது தான் கடைசி அரண். எங்கள் வீட்டில் இப்போது திரைச்சீலை, கதிரை, உடுப்பு எல்லாம் அடுப்பில் இருந்து ஒரு மீற்றர் தள்ளி. இங்குள்ள தீயணைப்புப் படையினரும் அந்த ஒரு மீற்றரைத் தான் சொல்கிறார்கள். நித்திரைக்குப் போகும்போது அம்மாவே சுவிற்சை நிப்பாட்டிப் பிளக்கைக் கழற்றிவிடுவா. ஊரில் இடி இடித்தால் எல்லாவற்றையும் கழற்றுகிற பழக்கம், இங்கே உதவுகிறது.

இன்னொரு நாளும் "செத்துப்போச்சு". அந்த நாள் குசினியில் மீன் பொரித்தோம், ஜன்னல் கதவெல்லாம் திறந்திருந்தது. இந்த அடுப்பு, அறைச் சூடு சடாரென்று இறங்கினால் ஜன்னல் திறந்திருக்கிறது என்று நினைத்து ஹீற்றரை நிப்பாட்டிவிடும். 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய விதி ஒன்றால் இந்த மாதிரி வசதிகளும் கிழமைக்கணக்கு ரைமரும் இப்போது இப்படியான ஹீற்றர்களில் பரவலாக வருகின்றன. மீன் பொரிக்கிற வீடுகளை அவர்கள் யோசிக்கவில்லை. ரிமோற்றில் அதை நிப்பாட்டி வைக்கலாம், நிப்பாட்டிவிட்டேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்று. என் மகளுக்கு நாலு வயது. கண்ணாடியைத் தொட்டால் சுடாது என்று இரண்டே நாளில் கண்டுபிடித்து, நெருப்பில் கை வைத்துப் பாட்டுப் பாடுவாள். எங்களுக்கும் சிரிப்பு. தைப்பொங்கலன்று கோயிலில் ஐயர் கற்பூரத் தட்டைக் கொண்டுவந்தபோது, ஒற்றி எடுக்காமல் நேரே சுவாலைக்குள் கையைக் கொண்டுபோனாள். அம்மா தான் எட்டிப் பிடித்தா. இதைப் பற்றி எங்கள் குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. அன்று தொடக்கம் கண்ணாடியைத் தொடுவதும் தடை. போதாதற்குக் கண்ணாடி தான் சுடாது, கீழே காற்று வருகிற கம்பித் தட்டி நல்லாகச் சுடும்.

மாசியில் கீச்... கீச்... என்று சத்தம் தொடங்கியது. கம்பி சுற்றுகிற மோட்டர் தான். கம்பனிக்கு எழுதினேன். முதல் பதில், "நிறுத்திவிட்டுத் திரும்பப் போடவும்." இரண்டாவது தரம் சத்தத்தோடு வீடியோ அனுப்ப, ஒன்பது நாளில் புது அடுப்பு வந்தது, பழையதைத் திருப்பிக் கேட்கவில்லை. சேவைக்கு அதனால் ஐந்துக்கு மூன்று குடுக்கலாம். புதியதில் கீச்சு இல்லை. ஆனால் இடப்பக்க மூலையில் ஒரு லைற் கொஞ்சம் மங்கல், அந்த எல்.ஈ.டி.யை நாங்களே மாற்ற முடியாது. இரண்டு வருச உத்தரவாதம் இருப்பதால் ரசீதைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி, ஆறின பிறகு, காற்று வாயை வக்கூம் பிடித்து உறிஞ்சி எடுக்கிறேன். எங்கள் கார்பெற்றில் இருந்து அதற்குள் போகிற தூசு கொஞ்சநஞ்சம் இல்லை.

சித்திரை வந்தும் அடுப்பை எடுத்து வைக்க அம்மா விடவில்லை. சூடு இல்லாமல் நெருப்பை மட்டும் போட்டுவிட்டு ஐந்தரை மணிக்கு அடுப்புக்கு முன்னால் இருந்து தேத்தண்ணி குடிப்பா. போன கிழமை ஊரில் இருந்து சித்தி வீடியோவில் கதைத்தபோது அம்மா போனைத் திருப்பி அடுப்பைக் காட்டினா. சித்தி கேட்டது எனக்கும் கேட்டது: "அக்கா, புகை எங்காலை போகுது?"