காலேஜ் ஃபுட்பாலில் யார் ஜெயிப்பார்கள்? டர்னோவர், யார்டு, சக்ஸஸ் ரேட்: எந்த எண்ணை நம்பலாம்

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் மேட்ச் முடிந்த பிறகு பாக்ஸ் ஸ்கோரை, அதாவது மேட்ச்சின் புள்ளிவிவரப் பட்டியலைப் பார்த்து, இந்த டீம் ஏன் ஜெயித்தது என்று சொல்வது சுலபம். டர்னோவர் (பந்து எதிரணி கைக்குப் பறிபோவது) கணக்கே பாதிக்கு மேல் சொல்லிவிடும். ஆனால் சனிக்கிழமை காலை, மேட்ச் தொடங்கும் முன் கணிக்க உட்கார்ந்தால் அதே எண் கைகொடுக்காது. நடந்ததை நன்றாக விளக்குகிற எண் ஒன்று, அடுத்த வாரம் வரை தாக்குப்பிடிக்கிற எண் வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான கணிப்புகள் கவிழ்கின்றன.

2011 நவம்பர் 5 அன்று டஸ்கலூசாவில் எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட்) ஓவர்டைமில் 9–6 என்று அலபாமாவை வென்றது. பந்தை முன்னால் நகர்த்தி அலபாமா எடுத்தது 295 யார்டு, எல்.எஸ்.யு. 239. அலபாமா முயன்ற 6 ஃபீல்டு கோலில் (பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) 2 மட்டுமே தேறின. எல்.எஸ்.யு.வின் 1 யார்டு கோட்டருகே அந்த டீமின் எரிக் ரீட் ஒரு பாஸைப் பறித்தார். அந்த மூலையில் சிக்கிய எல்.எஸ்.யு.வை பிராட் விங் அடித்த 73 யார்டு பன்ட் (பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்துத் தூரமாக அடிக்கும் உதை) மீட்டது. இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் ஆட்டம் அலபாமா பக்கம்தான் சாய்ந்திருந்தது. 2012 ஜனவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில், சாம்பியன்ஷிப்பில், அதே இரண்டு டீமும் மறுபடி மோதின. அலபாமா 21–0. எல்.எஸ்.யு. மேட்ச் முழுக்க எடுத்தது 92 யார்டு. முதல் மேட்ச்சின் யார்டு இடைவெளி இரண்டாவதற்கும் கூடவே வந்தது, இன்னும் பெரிதாகி. தவறிய உதைகளும் பறித்த பாஸும் கூட வரவில்லை.

டர்னோவர் வித்தியாசம்

ஒரு டர்னோவரின் மதிப்பு சராசரியாக 4 முதல் 5 புள்ளி. அதனால்தான் மேட்ச் முடிந்தபின் பார்த்தால் இதைவிட வலுவான எண் இல்லை என்று தோன்றுகிறது. கணிப்புக்கு எடுக்கும்போது இதை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

ஃபம்பிளைப் (கையிலிருந்த பந்து நழுவி விழுவது) பொறுத்தவரை, பந்தைத் தட்டிவிடுவதில் கொஞ்சம் திறமை இருக்கிறது. கீழே விழுந்த பந்து யார் கைக்குப் போகும் என்பது ஏறக்குறைய பாதிக்குப் பாதி. சீசனில் விழுந்த பந்துகளில் 70 சதவீதத்தை எடுத்திருக்கும் டீம் அடுத்த மாதமும் அப்படி எடுக்கும் என்று எண்ணக் கூடாது.

இன்டர்செப்ஷனுக்கு (எதிரணியின் பாஸைப் பறிப்பது) ஒரு நல்ல சோதனை உண்டு. டிஃபென்ஸ் தட்டிவிட்ட பாஸ்களையும் பறித்த பாஸ்களையும் கூட்டுங்கள். பொதுவாக அந்தக் கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல், சுமார் 22 சதவீதம், இன்டர்செப்ஷனாக இருக்கும். ஒரு டீம் 50 பாஸைத் தொட்டிருந்தால் 11 பறித்திருக்க வேண்டும். 18 பறித்திருந்தால் அதில் ஏழு அதிர்ஷ்டக் கணக்கு. வரும் வாரங்களில் அது குறையும் என்றே கணக்கில் வையுங்கள்.

காரணம் எது, விளைவு எது என்ற சிக்கலும் இதில் இருக்கிறது. நான்காவது குவார்ட்டரில் 17 புள்ளி பின்தங்கிய டீம் அவசரத்தில் நீளமாக எறியும், பந்து பறிபோகும். அங்கே தோல்விதான் முதலில் வந்தது, டர்னோவர் பின்னால் வந்தது. பாக்ஸ் ஸ்கோரில் இந்த வரிசை தெரியாது.

2022 டிசம்பர் 31 ஃபியஸ்டா பௌலில் (பௌல் என்பது சீசன் முடிவில் நடக்கும் சிறப்பு மேட்ச்) டி.சி.யு. (டெக்சாஸ் கிறிஸ்டியன்) 51–45 என்று மிச்சிகனை வென்றது. மிச்சிகன் 528 யார்டு, டி.சி.யு. 488. டி.சி.யு. டிஃபென்ஸ் இரண்டு இன்டர்செப்ஷனை நேராக எண்டு ஸோனுக்கே, அதாவது எதிரணியின் கோல் பகுதிக்கே, கொண்டுபோய் டச்டவுன் ஆக்கியது. அது மட்டும் 14 புள்ளி, வெற்றி வித்தியாசமோ 6. ஒன்பதே நாள் கழித்து அதே டி.சி.யு. ஜார்ஜியாவிடம் 65–7 என்று தோற்றது.

மொத்த யார்டும், பிளே ஒன்றுக்கு யார்டும்

மொத்த யார்டைக் கணிப்புக்குப் பயன்படுத்த வேண்டாம். வேகமாக ஆடும் டீம் அதிக பிளே (ஒவ்வொரு தனி ஆட்ட முயற்சி) ஆடும், யார்டும் தானாக ஏறும். 2018 அக்டோபர் 20 அன்று பர்டூவிடம் 49–20 என்று தோற்ற ஒஹாயோ ஸ்டேட்டின் ட்வெய்ன் ஹாஸ்கின்ஸ் எறிந்தது 470 யார்டு. பிரமாதமாகத் தெரியும். ஆனால் எறிந்தது 73 தடவை, அதாவது ஒரு எறிக்கு 6.4 யார்டுதான். 2023 முதல் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. முன்பு ஃபர்ஸ்ட் டவுன் (நான்கு முயற்சிக்குள், அதாவது நான்கு டவுனுக்குள், 10 யார்டு கடப்பது) எடுத்தவுடன் கடிகாரம் நிற்கும். இப்போது ஒவ்வொரு பாதியின் கடைசி 2 நிமிடத்தில் மட்டுமே நிற்கிறது. பிளேக்கள் குறைந்துவிட்டதால் பழைய சீசன்களின் மொத்த யார்டை இப்போதைய எண்ணோடு வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

பிளே ஒன்றுக்கு எத்தனை யார்டு என்பது இதைவிடப் பல மடங்கு மேல். கையில் பாக்ஸ் ஸ்கோர் மட்டுமே இருந்தால் இதையே எடுங்கள். ஒரு திருத்தம் மட்டும் கட்டாயம்: காலேஜ் கணக்கில் சாக்கில் (பந்தை எறிபவரை எறியும் முன்பே வீழ்த்துவது) இழந்த யார்டு ரன் கணக்கில் கழிக்கப்படும். என்.எஃப்.எல்.லில் (தொழில்முறை லீக்) அது பாஸ் கணக்கில் போகும். இதைத் திருத்தாமல் விட்டால் ரன், பாஸ் இரண்டும் தப்பாகும்.

உதாரணத்துக்கு, பாக்ஸ் ஸ்கோரில் 38 ரன், 120 யார்டு. 30 பாஸ், 240 யார்டு என்று இருக்கிறது. ரன்னுக்கு 3.2, பாஸுக்கு 8.0. ரன் ஆட்டம் மோசம், பாஸ் ஆட்டம் அருமை என்று முடிவு கட்டத் தோன்றும். அந்த 38-இல் 5 சாக், இழப்பு 35 யார்டு என்றால் உண்மையான ரன் 33, யார்டு 155, சராசரி 4.7. பாஸுக்காகப் பின்வாங்கியது 35 தடவை, நிகரம் 205 யார்டு, சராசரி 5.9. படமே தலைகீழ். எதிரணியிடம் நல்ல பாஸ் ரஷ் இருந்தால் இந்த டீமை எங்கே அடிப்பார்கள் என்பது இரண்டாவது கணக்கில்தான் தெரியும்.

சக்ஸஸ் ரேட்

பிளே பை பிளே விவரம் கிடைக்கும் என்றால் என் முதல் தேர்வு இதுதான். முதல் டவுனில் தேவையான தூரத்தில் 50 சதவீதம், இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுத் தூரம் கிடைத்தால் அந்த பிளே வெற்றி. வெற்றி பிளேக்களை மொத்த பிளேக்களால் வகுத்தால் சக்ஸஸ் ரேட். பெரும்பாலான டீம்கள் 40 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஒரு மேட்ச்சில் 50-ஐத் தொட்ட டீம் தோற்பது அபூர்வம்.

ஒரு டிரைவ் (பந்து கைக்கு வந்ததிலிருந்து கைவிடும்வரையான தொடர் பிளேக்கள்): முதல் டவுன், 10 யார்டு தேவை, கிடைத்தது 5, வெற்றி. இரண்டாவது டவுன், 5 தேவை. அதில் 70 சதவீதம் 3.5, கிடைத்தது 3, தோல்வி. மூன்றாவது டவுன், 2 தேவை, கிடைத்தது 1, தோல்வி. பன்ட். இன்னொரு டிரைவ்: 0, 0, பிறகு மூன்றாவது டவுனில் 40 யார்டு பாஸ். இரண்டிலும் சக்ஸஸ் ரேட் மூன்றில் ஒன்று. பிளே சராசரியோ முதலாவதில் 3.0, இரண்டாவதில் 13.3. அந்த 40 யார்டு நிஜமான யார்டுதான், ஸ்கோரையும் மாற்றும். ஆனால் வாராவாரம் வருமா என்பது சந்தேகம். கிரிக்கெட்டில் ஒரு ஓவரில் வந்த மூன்று சிக்ஸரை வைத்து அடுத்த மேட்ச்சைக் கணிப்பதா, டாட் பால் சதவீதத்தை வைத்துக் கணிப்பதா என்று யோசித்தால் எதை நம்பலாம் என்பது விளங்கும். பெரிய பிளேக்கள் ஏறி இறங்கும். டிரைவை நகர்த்திக்கொண்டே இருக்கும் பழக்கம் நிலைக்கும்.

குறை இல்லாத எண் இல்லை. டிரிபிள் ஆப்ஷன் (ரன்னையே நம்பும் ஆட்டமுறை) ஆடும் ஆர்மி, நேவி மாதிரி டீம்கள் மூன்றும் நான்கும் யார்டாக எடுத்தே சக்ஸஸ் ரேட்டை உயர்த்திக்கொள்ளும். சின்ன யார்டைக் கொடுத்துவிட்டு பெரிய பிளேயை மறிக்கும் டிஃபென்ஸ் இந்த எண்ணில் பலவீனமாகத் தெரியும். அதனால் வெற்றி பிளே ஒன்றுக்கு சராசரி எத்தனை யார்டு என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

டிரைவை முடிக்கும் திறன்

அதிகாரபூர்வ ரெட் ஸோன் (எதிரணியின் 20 யார்டு கோட்டுக்குள்) சதவீதத்தை ஒதுக்கிவிடுங்கள். அதில் ஃபீல்டு கோலும் டச்டவுனும் ஒன்றே. நான்கு முறை உள்ளே போய் நான்கும் ஃபீல்டு கோல் என்றால் 100 சதவீதம் என்று காட்டும், கிடைத்ததோ 12 புள்ளி. நான்கில் மூன்று டச்டவுன், ஒன்று வீண் என்றால் 75 சதவீதம், கிடைத்தது 21. எதிரணியின் 40 யார்டு கோட்டுக்குள் ஃபர்ஸ்ட் டவுன் எடுத்த டிரைவ்களை எண்ணி, அவற்றில் சராசரி எத்தனை புள்ளி என்று பாருங்கள். 4 புள்ளியை ஒட்டி இருந்தால் சாதாரணம்.

மேலே சொன்ன ஃபியஸ்டா பௌலில் மிச்சிகன் முதல் பிளேயிலேயே 54 யார்டு ஓடியது. அந்த டிரைவ் 2 யார்டு கோட்டில், நான்காவது டவுனில் ஒரு தந்திர பிளேயோடு செத்தது. பிறகு டச்டவுன் என்று அறிவித்த ஒரு பாஸை ரீப்ளேயில் மாற்றி, பந்தைக் கோட்டுக்குச் சற்று முன்னால் வைத்தார்கள். அடுத்த பிளேயில் ஃபம்பிள், பந்து டி.சி.யு. கையில். வாசல் வரை போன இரண்டு டிரைவுக்குப் பூஜ்யம். இந்த எண் தோல்வியை அப்படியே விளக்குகிறது. ஆனால் ஒரு மேட்ச்சில் இப்படிப்பட்ட வாய்ப்பு ஐந்து, ஆறுதான் வரும். ஆறு வாரம் சேர்ந்தாலும் மாதிரி சிறியது. ஆகவே பாதி எடை மட்டும் கொடுங்கள்.

களநிலை

களநிலை என்றால் டிரைவ் மைதானத்தில் எங்கிருந்து தொடங்குகிறது என்பது. அயோவாவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 2023-இல் மொத்த யார்டில் தேசத்திலேயே கடைசி இடத்தில் இருந்த அயோவா 10 மேட்ச் ஜெயித்தது. மெல்போர்னிலிருந்து வந்த பன்டர் டோரி டெய்லர் அந்த சீசனில் 4,479 யார்டு உதைத்து என்.சி.ஏ.ஏ. (காலேஜ் விளையாட்டு அமைப்பு) சாதனையை முறியடித்தார். எதிரணியைத் தன் கோட்டருகே தொடங்கவைத்து, நல்ல டிஃபென்ஸை ஏவி, அவர்கள் தவறும்வரை காத்திருந்தார்கள். அதே சீசனில் பென் ஸ்டேட்டிடம் 31–0, பிக் டென் ஃபைனலில் மிச்சிகனிடம் 26–0, சிட்ரஸ் பௌலில் டென்னசியிடம் 35–0 என்று தோற்றது. சம பலமுள்ள டீம்களிடம் களநிலை மேட்ச்சை வென்று கொடுக்கும். எதிரணி எங்கிருந்து தொடங்கினாலும் 80 யார்டு நகரக்கூடியது என்றால் உதவாது. கிக்ஆஃபில் தேட அதிகமில்லை; 2018 முதல் 25 யார்டு கோட்டுக்குள் ஃபேர் கேட்ச் (ஓடப்போவதில்லை என்று கைகாட்டிப் பிடிப்பது) பிடித்தாலும் பந்து 25-இல் வைக்கப்படுகிறது. பன்டைத்தான் கவனிக்க வேண்டும்.

விட்டுவிடக்கூடியவை

பந்து கையிருப்பு நேரம். 2018 செப்டம்பர் 22 அன்று ஆர்மி 44 நிமிடத்துக்கு மேல் பந்தை வைத்திருந்தும் ஓக்லஹோமாவிடம் ஓவர்டைமில் 28–21 என்று தோற்றது. 2010-இல் சிப் கெல்லியின் ஆரிகன் பெரும்பாலான மேட்ச்சில் குறைந்த நேரமே பந்தை வைத்திருந்து 12–0 என்று ரெகுலர் சீசனை முடித்தது. மூன்றாவது டவுன் சதவீதமும் அப்படித்தான்: மேட்ச்சுக்கு 13, 14 வாய்ப்புதான், அதுவும் முதல் இரண்டு டவுனில் என்ன நடந்தது என்பதன் நிழல். பெனால்டி யார்டு சுத்தமாக வேண்டாம்.

எண்ணைக் கணிப்பாக மாற்றுவது

எந்த எண் சிறந்தது என்று நீங்களே சோதிக்க வழி இருக்கிறது. பழைய சீசன் ஒன்றை எடுத்து, ஒரே மேட்ச்சின் எண்ணை அதே மேட்ச்சின் ஸ்கோரோடு பொருத்திப் பாருங்கள், டர்னோவர் முதலிடம் வரும். பிறகு முதல் 6 வாரத்தின் எண்ணை அடுத்த 6 வாரத்தின் ஸ்கோரோடு பொருத்துங்கள். டர்னோவர் கீழே இறங்கும், சக்ஸஸ் ரேட்டும் பிளே சராசரியும் மேலே வரும்.

கணக்கிடும் முன் சுத்தம் செய்ய வேண்டியவை: முழங்கால் போட்ட பிளே (நேரம் கடத்த மண்டியிடுவது), ஸ்பைக் (கடிகாரத்தை நிறுத்தப் பந்தைத் தரையில் அடிப்பது), 25-இலிருந்து தொடங்கும் ஓவர்டைம் டிரைவ்கள், எஃப்.சி.எஸ். (கீழ்ப்பிரிவு) டீமோடு ஆடிய மேட்ச், முடிவு தெரிந்துவிட்ட பிறகு ஆடிய நேரம். கடைசியானதற்கு இரண்டாம் குவார்ட்டரில் 38, மூன்றாவதில் 28, நான்காவதில் 22 புள்ளிக்கு மேல் இடைவெளி என்று எல்லை வைக்கலாம். 40 புள்ளி முன்னிலையில் இரண்டாம்நிலை ஆட்டக்காரர்கள் விட்டுக்கொடுத்த 150 யார்டு எதையும் சொல்லாது.

அடுத்து எதிரணித் திருத்தம். காலேஜில் இதுதான் உயிர்நாடி. 130-க்கு மேல் டீம், ஆளுக்கு 12 மேட்ச், பெரும்பாலானவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பதே இல்லை. ஒரு டீமின் சக்ஸஸ் ரேட் 48, அது சந்தித்த டிஃபென்ஸ்கள் சராசரியாகக் கொடுப்பது 44 என்றால் அதன் மதிப்பு +4. இந்த வார எதிரணி டிஃபென்ஸின் மதிப்பு −4 (சராசரியைவிட 4 குறைவாகக் கொடுக்கிறது), தேசிய சராசரி 42 என்று வைத்தால் எதிர்பார்ப்பு 42 + 4 − 4 = 42. வெறும் 48-ஐ நம்பியிருந்தால் ஆறு சதவீதப் புள்ளி தப்பாகியிருக்கும்.

முதல் நான்கு வாரம் இதெல்லாம் ஆட்டம் காணும், மாதிரி போதாது. அப்போது போன சீசன் தரம், திரும்பி வரும் ஆட்டக்காரர்கள், ரெக்ரூட்டிங் (புதிதாகச் சேர்த்த ஆட்டக்காரர்களின் தரம்) மூன்றையும் அடித்தளமாக வைத்து, வாரம் செல்லச் செல்ல அதன் எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். பில் கான்னலியின் எஸ்.பி. பிளஸ் என்ற தரமதிப்பீட்டு முறை இதே தர்க்கத்தில்தான் நடக்கிறது. பிரையன் ஃப்ரெமோவின் எஃப்.இ.ஐ. பிளேக்குப் பதிலாக டிரைவை அலகாக எடுக்கிறது. சொந்தமாகக் கணக்குப் போட நேரமில்லை என்றால் இவை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் பெரிதாக முரண்படும் டீமில் அநேகமாகக் களநிலையோ டிரைவை முடிக்கும் திறனோ வித்தியாசமாக இருக்கும்.

சொந்த மைதானத்துக்கு இரண்டரைப் புள்ளி சேருங்கள். கிடைத்த வித்தியாசத்தைப் பந்தயச் சந்தையின் ஸ்ப்ரெட்டோடு (சந்தை எதிர்பார்க்கும் புள்ளி வித்தியாசம்) ஒப்பிடுங்கள். மேட்ச் முடிவுகள் அந்த ஸ்ப்ரெட்டிலிருந்தே சுமார் இரண்டு டச்டவுன் அளவு சிதறும் என்பதால் 2, 3 புள்ளி வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். 7 புள்ளிக்கு மேல் விலகினால் ஃபார்முலாவைத் தொடாதீர்கள். முதலில் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) யார் என்று பாருங்கள், பிறகு காற்றின் வேகம், பிறகு காயப் பட்டியல். டிசம்பர் பௌல் மேட்ச் என்றால் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலுக்குப் (வேறு காலேஜுக்கு மாறும் வழி) போனவர்கள், என்.எஃப்.எல். டிராஃப்டுக்காக (புது ஆட்டக்காரர் தேர்வு) ஒதுங்கியவர்கள் பட்டியலும் வேண்டும். நவம்பர் வரை நீங்கள் அளந்த டீமில் பாதிப் பேர் அன்று மைதானத்தில் இல்லாமலே போகலாம்.