அணில் ஏறினா தானா மூடிக்கிற ஃபீடர், ரெண்டு விண்டர் முடிஞ்சப்புறம் எழுதறேன்

நாங்க இருக்கறது நியூஜெர்சி எடிசன்ல, டவுன்ஹவுஸ், பின்னாடி சின்னதா ஒரு டெக், அதத் தாண்டி பொதுப் புல்தரை, நாலு மேப்பிள் மரம், அவ்ளோதான் இடம். குருவிங்களுக்கு வெத போட்டுத் தொங்க விடற இந்த ஃபீடர வாங்கி ரெண்டு முழு விண்டர் ஆச்சு, 60 டாலர் கிட்ட குடுத்தேன். கம்பெனி பேர் போடல, இதே டிசைன்ல நாலஞ்சு கம்பெனி விக்கிறாங்க, நான் சொல்லப் போறதும் டிசைனப் பத்திதான்.

எப்படி வேல செய்யுதுன்னா, உள்ள ஒரு ட்யூப், அதுக்குள்ளதான் வெத. அதச் சுத்தி வெளிய ஒரு கம்பிக் கூடு ஸ்பிரிங்ல தொங்குது. குருவி வந்து உக்காந்தா ஒண்ணும் ஆகாது, சிக்கடீங்கற குட்டிக் குருவியோட எடையே 11, 12 கிராம்தான், கார்டினல்ங்கற செவப்புக் குருவி அம்பது கிராமுக்குள்ள. ஆனா இந்த ஊரு சாம்பல் அணில் நம்ம ஊரு மூணு கோடு போட்ட அணில் மாதிரி கிடையாது, அரைக்கிலோ இருக்கும், அது கூட்டப் பிடிச்ச உடனே வெயிட்டுக்கு கூடு கீழ இறங்கி வெத வர்ற ஓட்டைய மூடிடும், அது குதிச்சு இறங்கிட்டா ஸ்பிரிங் திரும்ப மேல தூக்கிடும். பேட்டரி கீட்டரி எதுவும் கிடையாது. இதுக்கு முன்னாடி 12 டாலருக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபீடர் வாங்கி மாட்டினேன், ஒம்போதே நாள்ல அணில் ஓட்டையக் கடிச்சு பெருசாக்கி மொத்த வெதயும் கீழ கொட்டிடுச்சு. இதுல கடிக்கற இடம் எல்லாம் உலோகம், ரெண்டு வருஷத்துல ஒரு பல் தடம் கூட விழல.

ஆனா ஒண்ணு, மாட்டற இடம் தப்பா இருந்தா எந்த ஃபீடரும் வேலைக்கு ஆகாது. முதல் வாரம் டெக் கைப்பிடிக்குப் பக்கத்துலயே தொங்க விட்டேன், அணில் பின்னங்கால கைப்பிடிலயே வச்சுக்கிட்டு உடம்ப நீட்டி, வெயிட்டே போடாம எடுத்து எடுத்து தின்னுச்சு. அப்பறம்தான் இங்க எல்லாரும் சொல்ற 5-7-9 கணக்கு தெரிஞ்சுது, கீழருந்து மேல 5 அடி, பக்கவாட்டுல 7 அடி, மேலருந்து கீழ 9 அடி தாண்டுமாம். தனியா கம்பம் நட்டு நடுவுல தடுப்பு போட்டப்புறம்தான் நிம்மதி. இன்னொண்ணு, கண்ணாடி ஜன்னல் இருந்தா ஃபீடர ஒண்ணு 3 அடிக்குள்ள வைங்க, இல்லன்னா 30 அடி தள்ளி வைங்க, நடுவுல வேண்டாம். கிட்டக்க இருந்தா குருவி கிளம்பற வேகத்துல மோதினாலும் பெரிய அடி படாது. அமெரிக்காவுல கட்டடக் கண்ணாடில மோதியே வருஷத்துக்கு 36 கோடிக்கும் மேல பறவை சாகுதுன்னு 2014ல ஒரு கணக்கு வந்துச்சு, அதப் படிச்சப்புறம் நான் கம்பத்த ஜன்னல ஒட்டியே மாத்தி நட்டுட்டேன்.

வெத விஷயத்துல காசு மிச்சம் பிடிக்காதீங்க. சீப்பா கெடைக்கற மிக்ஸ்ல செவப்புச் சோளமும் கோதுமையும்தான் பாதி, அத இங்க வர்ற குருவிங்க பொறுக்கித் தள்ளிடும், கீழ குமிஞ்சா எலி வரும். சின்ன கருப்பு சூரியகாந்தி வெத மட்டும் போடுங்க, தோல் மெல்லிசு, கொழுப்பு ஜாஸ்தி, கிட்டத்தட்ட எல்லாமே அதத் தின்னும்.

போன ஜனவரில அம்மா கோபிலருந்து வந்திருந்தாங்க, வெளிய பனி, எங்கயும் போக முடியல, ஜன்னல் பக்கத்துல சேரப் போட்டு உக்காந்துட்டாங்க. நாலு நாள்ல எனக்கே தெரியாதத கவனிச்சுச் சொன்னாங்க, "ஏங்கண்ணு, மத்ததெல்லாம் ஒக்காந்து திங்குது, இந்தக் கருப்புத் தொப்பி போட்டது மட்டும் ஒண்ண எடுத்துட்டு ஓடிருது பாரு". சிக்கடீ அப்படித்தான், ஒரே ஒரு வெதய எடுக்கும், கெளைக்குப் போகும், ரெண்டு காலுக்கு நடுவுல வெதய இறுக்கிப் பிடிச்சு அலகால டக் டக்குனு தட்டி உடைக்கும், தின்னுட்டு திரும்ப வரும். பாதிய திங்காம மரப்பட்டை இடுக்குல ஒவ்வொண்ணா ஒளிச்சு வைக்கும், எங்க வச்சோம்னு ஞாபகமும் வச்சிருக்கும். ராத்திரி குளிர்ல உடம்புச் சூட்டயே பல டிகிரி கொறச்சுக்கிட்டு தாக்குப் பிடிக்குது. 11 கிராம் உசுரு, வெளிய மைனஸ் 12, காலைல ஏழு மணிக்கு வந்து நிக்குது பாருங்க, அதப் பாத்தா வெத போடறதுக்கு யாரும் மூக்கால அழ மாட்டீங்க.

கார்டினல் வெளிச்சம் கம்மியா இருக்கற நேரத்துலதான் அதிகமா வரும், காலைல மொதல்லயும் சாயங்காலம் கடைசிலயும். ஜன்கோங்கற குருவி பெரும்பாலும் ஃபீடர்ல ஏறாது, கீழ சிந்தினத பொறுக்கும். கோல்ட்ஃபின்ச்ச விண்டர்ல மஞ்சளா தேடாதீங்க, மங்கின ஆலிவ் கலர்ல இருக்கும்.

இப்ப முக்கியமான விஷயம், இதுக்காகத்தான் எழுதவே ஆரம்பிச்சேன். ஃபீடர் வாங்கும்போது எல்லாரும் அணில் தடுக்குமான்னு மட்டும்தான் கேக்கறாங்க, கழட்டிக் கழுவ முடியுமான்னு கேளுங்க. பிப்ரவரில ஒரு நாள் ஒரு ஹவுஸ் ஃபின்ச் வந்துச்சு, மத்ததெல்லாம் பறந்தப்புறமும் இது மட்டும் நகரல. கிட்டப் போய்ப் பாத்தா வலது கண்ணு வீங்கி, ஓரமெல்லாம் பொருக்கு கட்டி, மூடியே போச்சு. இது மைக்கோபிளாஸ்மாங்கற பாக்டீரியா, கோழிங்ககிட்ட இருக்கறது, 1994ல வாஷிங்டன் பக்கம் இந்தக் குருவிகள்ல மொதல்ல தெரிய வந்து கிழக்குப் பக்கம் முழுக்கப் பரவுச்சு. ஒரே ஓட்டைல பத்து குருவி மூஞ்சிய நுழைக்கற ஃபீடர் அத ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்கு கடத்தும். அன்னிக்கே எறக்கிட்டேன், எந்த டூலும் இல்லாம அஞ்சு துண்டா கழண்டுச்சு, ஒம்போது பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு பிளீச், ஊற வச்சு தேச்சு நல்லா காய வச்சு, ரெண்டு வாரம் மாட்டவே இல்ல. அந்த ரெண்டு வாரம் சிக்கடீ வந்து வெறுங்கம்பத்துல உக்காந்துட்டுப் போனது மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, ஆனா வேற வழியில்ல. இப்ப நோய் இருக்கோ இல்லயோ ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ கழுவறேன்.

கொறைனு பாத்தா மூணு. பனிமழை பேஞ்சா கூடு ஐஸ்ல ஒட்டிக்கிட்டு அசையாது, தட்டி விடணும். ரெண்டு புளூ ஜே ஒண்ணா உக்காந்தா அணில்னு நெனச்சு மூடிக்குது, ஸ்பிரிங்க கொஞ்சம் டைட் பண்ணா சரியாகும். அடில ஈர வெத கட்டி தட்டிப் பூசணம் பிடிக்குது, கழுவும்போது குச்சி விட்டு நோண்டிப் பாருங்க.

வர்ற குருவியோட பேர் தெரியலன்னா கார்னெல் பல்கலைக்கழகத்தோட மெர்லின் ஆப் போட்டுக்கோங்க, ஃப்ரீதான். மென்லோ பார்க் மால் பக்கத்துல ரூஸ்வெல்ட் பார்க் இருக்கே, ஞாயித்துக்கிழமை காலைல அங்க ஏரிக்கரைல ஃபோனக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னா, ரூட் 1 வண்டிச் சத்தத்துக்கு நடுவுலயும் நட்ஹாட்ச், டிட்மவுஸ்னு குரல் கேட்டு ஒவ்வொரு பேரா காட்டும். சிக்கடீ விஷயத்துல மட்டும் முழுசா நம்பிடாதீங்க, நியூஜெர்சி வடக்க கருப்புத் தொப்பி சிக்கடீ, தெக்க கரோலினா சிக்கடீ, நடுவுல ரெண்டும் கலந்து குஞ்சு பொரிக்குது, ஒண்ணு பாட்ட இன்னொண்ணு பாடும்.

எண்ணறதுல ஆசை வந்துட்டா, ஃபீடருக்கு வர்ற குருவிங்கள எண்ணி எழுதி அனுப்பற ஃபீடர்வாட்ச் திட்டத்துல சேருங்க, நவம்பர் 1லருந்து ஏப்ரல் 30 வரைக்கும், கட்டணம் 18 டாலர். ஒரே நேரத்துல அதிகபட்சம் எத்தன பாத்தீங்களோ அத மட்டும் எழுதணும், வந்ததே திரும்பத் திரும்ப வந்தா கூட்டக் கூடாது. அம்மா ஊருக்குப் போறவரைக்கும் நோட்டுல எழுதுனது அவங்கதான், கார்டினலுக்கு நேரா "செவப்பு, ஜோடி, 5:10"னு இருக்கு. டிசம்பர்ல திரும்ப வர்றாங்க, அதுக்குள்ள சாஃப்ளவர் (குசும்பா) வெத போட ரெண்டாவதா ஒண்ணு இதே டிசைன்ல வாங்கப் போறேன்.