டேவானில் போடும் பேபி எக்ஸ்போ: பெட்டியைப் பிரிக்காமல் காசு கட்டாதீர்கள்

லூனாஸ், பாடாங் செராய், கோல கெட்டில் போன்ற தோட்டப்புற ஊர்களில் டேவானை, அதாவது பொது மண்டபத்தை, வாடகைக்கு எடுத்து, வியாழன் மாலை கடை விரித்து, சனி இரவோடு மூட்டை கட்டிவிடும் குழந்தைப் பொருள் விற்பனைகள் வந்து போகின்றன. அப்படி ஒரு விற்பனையில் வாங்கியவர்கள் இப்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். கார் சீட் பெட்டிக்குள் வேறு மாடல் இருந்திருக்கிறது. புதியது என்று கொடுத்த ஸ்ட்ரோலரின் சக்கரம் ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது. முன்பணம் கட்டிய மரக் கட்டில் வந்து சேரவே இல்லை. ரிசிட்டில் உள்ள எண்ணை அழைத்தால் யாரும் எடுப்பதில்லை. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருப்பவர்கள் அடுத்த எக்ஸ்போவுக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் காலக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். ஏழாம் மாத வளைகாப்பு முடிந்த கையோடு பொருள் வாங்குகிறோம். பிள்ளை பிறக்கும் முன் தொட்டிலைத் தொடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்ல, பெட்டி அப்படியே அலமாரி மேல் ஏறிவிடுகிறது. பிரசவம், பத்தியம் எல்லாம் கழித்து, முப்பதாம் நாள் கும்பிட்ட பிறகுதான் பிரிக்கிறோம். அதற்குள் மூன்று மாதம் ஓடிவிடும். விற்பவர் கொடுத்ததோ ஏழு நாள் மாற்று உத்தரவாதம். இந்த வழக்கம் விற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். "இப்பப் பிரிக்காதீங்கம்மா, பிள்ளை பிறந்ததும் நல்ல நேரம் பார்த்துப் பிரிங்க" என்று அவர்களே அக்கறையாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் உடனே உஷாராகிவிடுங்கள்.

வழக்கத்தை விட வேண்டியதில்லை. டேவானிலேயே பெட்டியைப் பிரித்து, பொருளை முழுதாகப் பூட்டிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, மறுபடி பெட்டியில் போட்டு டேப் ஒட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்றால் தாய்மாமன் வீட்டில் இருக்கட்டும். பிரித்துக் காட்ட மறுக்கும் கடையில் எந்தப் பொருளும் வாங்காதீர்கள், எவ்வளவு கழிவு கொடுத்தாலும் சரி.

அதிக ஏமாற்று கார் சீட்டில்தான் நடக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் நம் மலேசியாவில் தனியார் கார்களில் குழந்தை இருக்கை கட்டாயம் என்பதால், வாங்கியே ஆக வேண்டும் என்ற அவசரத்தில் வருகிறார்கள். ஏற்றுக்கொள்ளப்படும் தரம் ஐநா விதிகளான ஆர்44 அல்லது ஆர்129. அதற்கான அடையாளம் இருக்கையின் உடம்பிலேயே ஒட்டியிருக்க வேண்டும். பெரும்பாலும் முதுகுப் பக்கத்திலோ அடியிலோ ஆரஞ்சு நிற ஸ்டிக்கராக இருக்கும். வட்டத்துக்குள் இ என்ற ஆங்கில எழுத்தும், பக்கத்தில் சான்று கொடுத்த நாட்டின் எண்ணும் தெரியும். ஆர்44 என்றால் கீழே உள்ள சான்று எண் 04 என்று தொடங்கும்; 03 என்றால் அதற்கு முந்திய திருத்தம். ஆர்129 ஸ்டிக்கரில் குழந்தையின் உயரம் சென்டிமீட்டரில் போட்டிருக்கும். அட்டைப் பெட்டியில் மட்டும் அந்த வட்டத்தை அச்சடித்து, இருக்கையில் ஒன்றுமே இல்லாமல் விற்கிறார்கள். அதற்கு மதிப்பே கிடையாது. தரச்சான்று பெற்ற சீட்டுகளின் பட்டியலைச் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமான மிரோஸ் வெளியிட்டிருக்கிறது. மாடல் பெயரைக் கைப்பேசியில் தேடி, அங்கேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.

மேசையில் காட்டியது காரில் உள்ள இரும்புக் கம்பியில் நேராக மாட்டும் ஐசோஃபிக்ஸ் சீட், பெட்டியில் வந்தது பெல்ட்டால் மட்டும் கட்டும் மலிவு மாடல் என்பதுதான் பலருக்கு நடந்தது. இரண்டுக்கும் துணியும் நிறமும் ஒன்றுதான். இருக்கையின் ஸ்டிக்கர், பெட்டி, ரிசிட் மூன்றிலும் உள்ள மாடல் எண் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒத்துப்போக வேண்டும். "கார் சீட் 1" என்று மட்டும் ரிசிட் எழுதினால் மாடல் எண்ணையும் தொடர் எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது.

அடுத்தது வயது. பிளாஸ்டிக் ஓட்டின் அடியில் கடிகார முகம் போல ஒரு சின்ன வட்டம் வார்த்திருப்பார்கள். சுற்றிலும் 1 முதல் 12 வரை மாதங்கள், நடுவில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், மாதத்தைக் காட்டும் ஓர் அம்பு. அதுதான் அந்த ஓடு செய்யப்பட்ட காலம். வெயிலும் சூடும் பிளாஸ்டிக்கை நாளடைவில் பலவீனப்படுத்தும் என்பதால், பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஆறு முதல் பத்து ஆண்டுவரைதான் ஆயுள் தருகிறார்கள். கிடங்கில் ஐந்து வருடம் தூங்கிய சீட்டை எழுபது விழுக்காடு கழிவில் தள்ளிவிடும்போது, மிச்ச ஆயுளைத்தான் வாங்குகிறீர்கள். பழைய ஸ்டாக் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றால் அது வேறு விஷயம்.

"பிறந்ததிலிருந்து 12 வயதுவரை ஒரே சீட்" என்ற விளம்பரத்திலும் கவனம் தேவை. பிறந்த பிள்ளைக்கு மூன்று கிலோதான் இருக்கும், கழுத்தும் நிற்காது. நிமிர்ந்த சீட்டில் உட்காரவைத்தால் தலை முன்னே சரிந்து, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சுக்குழல் குறுகும். அந்த வயதுக்கு உரிய சீட் பின்னோக்கிப் பார்த்தபடி, ஏறக்குறைய 45 பாகை சாய்ந்து இருக்க வேண்டும். தோள்பட்டைப் பெல்ட் வெளிவரும் துளை பிள்ளையின் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழேயோ வர வேண்டும். பல மலிவு சீட்டுகளில் மிகக் கீழே உள்ள துளையே பிறந்த பிள்ளையின் காதருகே வருகிறது. ஆர்129 விதிப்படி 15 மாதம் தாண்டும்வரை பின்னோக்கித்தான் உட்காரவைக்க வேண்டும். நூறு ரிங்கிட்டுக்கும் குறைவாக, மடித்துப் பையில் போடக்கூடிய வெறும் துணிச் சீட் ஒன்றும் விற்கிறார்கள். மோதலைத் தாங்க அதில் ஓடும் இல்லை, நுரையும் இல்லை. அதைக் கையில்கூட எடுக்காதீர்கள்.

உங்கள் கார் எது என்று கேட்காமலேயே ஐசோஃபிக்ஸ் சீட்டை விற்றுவிடுகிறார்கள். காஞ்சிலிலும் பழைய சாகாவிலும் அதை மாட்டும் இரும்புக் கம்பிகளே கிடையாது. பின் இருக்கையின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் கைவிட்டுப் பாருங்கள். 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பிகள் தட்டுப்பட வேண்டும். இல்லையென்றால் மூன்று முனைப் பெல்ட்டால் கட்டும் சீட்தான் உங்களுக்கு ஆகும். பின்னால் இடுப்புப் பெல்ட் மட்டும் உள்ள கார் என்றால் பெரும்பாலான சீட்டுகளைக் கட்டவே முடியாது. டேவான் வாசலுக்குக் காரைக் கொண்டுவந்து மாட்டிப் பாருங்கள். பெல்ட் ஓடும் இடத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்தால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் பின்னோக்கும் சீட்டை எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள்.

நம் வீடுகளில் கார் சீட்டைவிட அதிகம் பயன்படுவது ஏணைதான். உத்தரத்தில் சேலை கட்டிய காலம் போய், இப்போது எல்லாரும் வாங்குவது ஸ்பிரிங் புவாயானும் அதற்கான இரும்பு ஸ்டேண்டும். எக்ஸ்போக்களில் இது மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் பாதுகாப்புக் கயிறு இல்லாமல் வருகிறது. ஸ்பிரிங்கின் உள்ளேயே ஓடி, மேல் கொக்கியையும் கீழ்க் கொக்கியையும் இணைக்கும் கயிறு அது. ஸ்பிரிங் அறுந்தால் பிள்ளை தரையில் மோதாமல் தாங்குவது அது ஒன்றுதான். ஆடும்போது தளர்ந்தும், ஸ்பிரிங் அறுந்தால் துணி தரையைத் தொடாத நீளத்திலும் அது இருக்க வேண்டும். கடைக்காரர் "தனியாக வாங்கிக்கலாம்" என்றால், அதையும் சேர்த்துத் தராமல் நகராதீர்கள்.

ஸ்பிரிங்கைக் கையில் வாங்கி, எடை இல்லாத நிலையில் சுருள்களைப் பாருங்கள். ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாக இருக்க வேண்டும். நடுவில் எங்காவது வாய் பிளந்திருந்தால் அது ஏற்கெனவே தொங்கவிட்டுப் பழசானது. கொக்கி வளையும் இடத்தில் துருவோ கீறலோ இருந்தால் வேண்டாம், ஏனென்றால் இழுவை வந்து குவியும் இடம் அதுதான். எத்தனை கிலோ தாங்கும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். டேவானிலேயே ஸ்டேண்டைப் பூட்டி, பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். காலில் ஒன்று மேலெழுந்தாலும், குழாய் சேரும் இடத்தில் உள்ள பித்தான் முழுதாக வெளியே வராமல் பாதியில் நின்றாலும் ஒருநாள் கவிழும். மின்சார மோட்டார் வைத்த புவாயான் என்றால் அடாப்டரில் சிரிம் தரச்சான்று லேபல் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டாருக்கு உத்தரவாதம் என்று வாயால் சொல்வார்கள். அட்டையில் கடை முத்திரையும் தேதியும் விழாமல் அது செல்லாது.

மரக் கட்டிலுக்கு ஓர் எளிய சோதனை: கம்பிகளின் இடைவெளியில் ஒரு பானக் குவளை, அதாவது டின், நுழையக் கூடாது. ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் பிள்ளையின் உடல் வழுக்கிப் போய் தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் போகக் கூடாது. பக்கச் சட்டம் கீழே இறங்கும் வகைக் கட்டிலை அமெரிக்கா 2011இல் தடை செய்துவிட்டது. கட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் திண்டுகளையும் 2022இல் சட்டம் போட்டு நிறுத்தியது. இரண்டும் இங்கே "பேக்கேஜ்" என்ற பெயரில் இன்னும் விலைபோகின்றன. ஒரு வயதுக்குள் தலையணையும் திண்டும் வேண்டியதே இல்லை. பேக்கேஜிலிருந்து அவற்றை எடுத்துவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். வாக்கர் இலவசம் என்றாலும் வேண்டாம். கனடா அதை 2004இலேயே தடை செய்தது, படிக்கட்டில் உருண்டு விழும் பிள்ளைகள் அத்தனை பேர்.

ஸ்ட்ரோலரில் பாருங்கள்: முழுதாகப் படுக்கும் முதுகு, ஐந்து முனைப் பெல்ட், மடிப்புக்கு இரண்டு பூட்டு. விமானத்தில் ஏற்றும் மடிப்பு வண்டியின் சின்னச் சக்கரம் ஷாப்பிங் மாலுக்குச் சரி, தோட்டத்துச் செம்மண் சாலைக்கு ஆகாது. முன்சக்கரம் கல்லில் மாட்டினால் வண்டியே முன்னே குப்புறச் சாயும். காட்சிக்கு வைத்ததை விற்றால் சக்கர ஓரமும் பிரேக்கும் காட்டிக்கொடுக்கும். பிரேக் போட்டுச் சாய்வான வாசலில் நிறுத்திப் பாருங்கள்.

பால் பம்ப் மட்டும் விதிவிலக்கு; பெட்டியைத் திறந்த பிறகு சுகாதாரக் காரணம் சொல்லி எந்தக் கடையும் அதைத் திரும்ப வாங்காது. ஆகவே முத்திரை உடையாத பெட்டியும், தொடர் எண் பொருந்திய அட்டையும் அவசியம். மோட்டாரைக் கடையின் மாதிரியில் ஓடவிட்டுக் கேட்கலாம். மார்புக் கூம்பின் அளவு 21, 24, 28 மில்லிமீட்டர் என்று வரும். அளவு தவறினால் வலியும் புண்ணும்தான், பாலும் குறையும். வால்வும் சவ்வும் தனியாக எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள், சில மாதத்தில் மாற்ற வேண்டிவரும். பால் புட்டியில் பிபி அல்லது பிபிஎஸ்யு என்று பிளாஸ்டிக் வகையின் பெயர் அச்சிட்டிருக்க வேண்டும். பிபிஏ என்ற ரசாயனம் கலந்த பாலிகார்பனேட் புட்டிகளுக்கு நம் சுகாதார அமைச்சு 2012 மார்ச் 1 முதல் தடை போட்டிருக்கிறது. பொம்மையில் பாதுகாப்புத் தரத்துக்கான எம்சி முத்திரை தேடுங்கள்.

இனி காசு. முழுப் பணமும் பொருள் கைக்கு வந்த பிறகுதான். முன்பணம் கட்டியே தீர வேண்டும் என்றால், எந்தத் தேதிக்குள் எந்த மாடல் வரும், வராவிட்டால் பணம் திரும்ப வரும் என்று ரிசிட்டிலேயே எழுதி வாங்குங்கள். கியூஆர் காட்டினால் கைப்பேசியில் வரும் பெயரைப் படியுங்கள். கடைப் பெயருக்குப் பதில் தனியாள் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். ரிசிட்டில் நிறுவனப் பெயர், எஸ்எஸ்எம் (நிறுவனங்களைப் பதியும் ஆணையம்) பதிவு எண், நிலையான முகவரி மூன்றும் வேண்டும். குலுக்கல் பரிசு என்று சொல்லிப் பிரசவத் தேதியும் அடையாள அட்டை எண்ணும் கேட்கும் படிவங்களை நிரப்பாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பலகை மாட்டியதால் உங்கள் உரிமை போய்விடாது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொருள் ஏற்கத்தக்க தரத்தில், விவரித்தபடி இருந்தாக வேண்டும்; அந்தப் பொறுப்பை ஒப்பந்தம் எழுதித் தட்டிக்கழிக்க முடியாது. தயாரித்தவருக்கு இந்நாட்டில் கடை இல்லையென்றால் இறக்குமதி செய்தவரையே பிடிக்கலாம், ஆகவே பெட்டியில் உள்ள இறக்குமதியாளர் பெயரைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். மனம் மாறியதற்காக மட்டும் திருப்பிக் கொடுக்க இந்தச் சட்டம் உதவாது.

முதலில் விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள், பதில் வராவிட்டாலும் அது சாட்சி. பிறகு உள்நாட்டு வர்த்தக, வாழ்க்கைச் செலவின அமைச்சான கேபிடிஎன்னின் 1-800-886-800 எண்ணில் புகார். பணம் திரும்ப வேண்டும் என்றால் பயனீட்டாளர் உரிமைகோரல் தீர்ப்பாயம், அதாவது டிடிபிஎம். போராங் 1 என்ற படிவத்தை நிரப்பி ஐந்து ரிங்கிட் கட்டினால் போதும், வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 ரிங்கிட்வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்பின் முகவரி இல்லாமல் அந்த மனு நகராது. ரிசிட்டில் முகவரி இல்லாதவர்கள் எஸ்எஸ்எம்மில் நிறுவனப் பெயரைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் அந்தத் தேதியில் டேவானை யார் பெயரில் எடுத்தார்கள் என்று டேவான் அலுவலகத்தில் கேளுங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் மறைந்தவர்கள் மேல் போலீஸ் ரிப்போர்ட்டும் கொடுங்கள். பணத்தைச் சற்று முன்தான் மாற்றியிருந்தால் உங்கள் வங்கியையும், தேசிய மோசடி உதவி மையத்தின் 997 எண்ணையும் உடனே அழையுங்கள்.

தீர்ப்பாயத்துக்குப் போகும்போது பெட்டி, ஸ்டிக்கரின் படம், ரிசிட், பணம் மாற்றிய ஸ்கிரீன்ஷாட், விளம்பரத் துண்டுத்தாள் எல்லாம் கொண்டுபோங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட ரிசிட் சில மாதத்தில் வெளுத்துவிடும், இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.