ஃபங்காரா, திராபுகதோரா? எப்ரோ டெல்டாவின் இரண்டு மணல்முனைகள்

எப்ரோ ஆறு ஸ்பெயினின் வடக்கு மலைகளில் பிறந்து, 900 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, கத்தலோனியாவின் தென்கோடியில் மத்தியதரைக் கடலில் கலக்கிறது. அங்கே அது கொட்டிய வண்டல் சுமார் 320 சதுர கிலோமீட்டர் பரப்பில், அம்புமுனை போலக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அம்புக்கு இருபுறமும் இரண்டு மணல் கொக்கிகள். வடக்கே ஃபங்கார். தெற்கே பன்யா முனையும், அதை நிலத்தோடு இணைக்கும் திராபுகதோர் என்ற மணல்திட்டும். 1983-இல் அறிவிக்கப்பட்டு 1986-இல் விரிவாக்கப்பட்ட இயற்கைப் பூங்காவுக்குள் இரண்டும் வருகின்றன. இந்த மணலில் விடுதி கிடையாது, வாடகைக் குடை கிடையாது, நிழலுக்கு ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது.

ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, எதற்குப் போகலாம் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் ஃபங்கார் என்றுதான் சொல்கிறேன். ஆனால் எந்த மாதம், யாரோடு என்று கேட்ட பிறகே சொல்கிறேன். வேனிற்காலத்தில், சிறு குழந்தைகளோடு போகிறவர்களை அங்கே அனுப்பமாட்டேன்.

திராபுகதோரில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். பொப்லநோவ் கிராமத்தைத் தாண்டி, நெல்வயல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் நடுவே போகும் சாலை, தங்கதா காயலை ஒட்டிச் சென்று மணலில் முடிகிறது. அங்கிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு, ஒரு பெருந்தெரு அளவே அகலமான மணல். இடப்புறம் திறந்த கடல், அலையடிக்கும் நீலம். வலப்புறம் அல்ஃபாக்ஸ் விரிகுடா, முழங்கால் ஆழத்தில் அசையாமல் கிடக்கும் தண்ணீர். நடுவில் நின்றால் இரண்டு கடலின் ஓசையும் வேறுவேறாகக் கேட்கும். காலையில் சூரியன் ஒரு கடலிலிருந்து எழும்புகிறது, மாலையில் மற்றதன் அக்கரையில் மொந்த்சியா மலைக்குப் பின்னால் இறங்குகிறது. மத்தியதரைக் கரையில் இதற்கு இணையான இடத்தை நான் பார்த்ததில்லை.

குழந்தைகளுக்கு விரிகுடாப் பக்கம் பொருத்தம். நூறு அடி நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தொடாது, வெதுவெதுப்பாகவும் இருக்கும். பட்டம் கட்டி நீரில் சறுக்குபவர்கள் கூடுவதும் அங்கேதான். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மெஸ்த்ரால் என்ற வடமேற்குக் காற்று எப்ரோ பள்ளத்தாக்கின் வழியாகப் பாய்ந்து வரும் நாட்களில், திறந்த கடல்பக்கம் ஏமாற்றும். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலை அடங்கி, குளம் போலத் தெரியும். காற்றடைத்த மிதவையில் குழந்தையை உட்காரவைத்தால், அது கரைக்குத் திரும்பாது. அந்த நாட்களில் விரிகுடாப் பக்கம் மட்டும் இறங்குங்கள்.

திட்டின் மறுமுனையான பன்யாவுக்குள் நுழைய முடியாது. பன்யா என்றால் கத்தலான் மொழியில் கொம்பு. அந்தக் கொம்பில் லா திரினிதாத் உப்பளமும், பூநாரைகள் கூடுகட்டும் இடங்களும் இருக்கின்றன. உப்பு லாரிகள் மட்டும் போய்வருகின்றன. தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்து, அது சட்டென்று எழுந்து பறக்கும்போதுதான் பூநாரைக் கூட்டம் என்று புரியும். அதற்குமேல் நெருங்க வேண்டியதும் இல்லை.

இவ்வளவு அழகு இருந்தும் திராபுகதோரை ஏன் இரண்டாவதாக வைக்கிறேன்? வண்டியிலேயே வந்து இறங்கிவிட முடிவதுதான் காரணம். கோடை விடுமுறையில் தொடக்கப் பகுதி முழுவதும் கார்களும் கூடாரத் துணிகளும் நிறைந்துவிடுகின்றன. இரண்டு கிலோமீட்டர் நடந்தால் கூட்டம் கரைந்துவிடும். ஆனால் அந்த இரண்டு கிலோமீட்டரிலும் மணலில் டயர்த் தடங்களைத்தான் பார்த்துக்கொண்டு போவீர்கள்.

ஃபங்காரில் டயர்த் தடம் கிடையாது. வண்டியை மார்க்கேசா கடற்கரையருகே விட்டுவிட்டு, கலங்கரை விளக்கம் வரை சுமார் நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும். திரும்பவும் அதே தூரம். காய்ந்த மணலில் கால் புதையும், அதனால் அலை வந்து தொட்டுப்போகும் ஈரவிளிம்பிலேயே நடங்கள். அங்கே மணல் கெட்டியாக இருக்கும், வழியெல்லாம் விரல்நக அளவு மட்டிச் சிப்பிகள் நொறுங்கும். மெஸ்த்ரால் அடித்தால் போகும்போது முகத்தில் அறைந்து, திரும்பும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும். மணல் கணுக்காலை ஊசியாகக் குத்தும் நாட்களும் உண்டு, நீளக் காற்சட்டை அணிந்து போவது நல்லது. குடிக்கத் தண்ணீர் வழியில் எங்கும் கிடைக்காது. ஆளுக்கு இரண்டு லிட்டர் சுமக்க வேண்டும்.

அந்த நடைக்குப் பலன் உண்டு. அரை மணி நேரத்துக்குள் பேச்சுக்குரல்கள் அடங்கிவிடும். வெயில் ஏற ஏறக் கானல் எழும்பி, எதிரே இருக்கும் விளக்குக் கோபுரம் அடி அறுந்து காற்றில் மிதப்பதுபோலத் தெரியும். நடக்க நடக்க அது விலகிப் போவதுபோல இருக்கும். இடப்பக்கம், மணல்மேடுகளுக்கு அப்பால், ஃபங்கார் விரிகுடாவில் சிப்பி வளர்க்கும் மேடைகள் வரிசையாக நிற்கின்றன. காற்றின் போக்கில் இடம் மாறிக்கொண்டே இருக்கும் மணல்மேடுகள் இவை.

உப்புக்கொத்தியின் கூட்டை நான் முதன்முதலில் பார்த்தது இங்கேதான், பாதையை ஒட்டிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று. கூடு என்றே சொல்ல முடியாது. குதிகால் பதிந்தது போன்ற ஒரு குழி, அதைச் சுற்றிச் சில சிப்பித் துண்டுகள், நடுவில் மூன்று முட்டைகள். மணலின் நிறம், அதில் மை தெளித்தது போன்ற புள்ளிகள். கண்ணை ஒருமுறை விலக்கிவிட்டுத் திரும்பினால் மறுபடியும் தேட வேண்டியிருந்தது. தாய்ப்பறவை சற்றுத் தள்ளி ஒரு சிறகை இழுத்துக்கொண்டு, அடிபட்டதுபோல நடித்து, எங்களைத் திசைதிருப்பப் பார்த்தது. உடனே அங்கிருந்து நகர்ந்துவிட்டோம். கயிற்றைத் தாண்டி ஒரே ஒருவர் கால் வைத்தாலும் அந்த மூன்று முட்டைகளும் போய்விடும் என்பது அந்த அளவைப் பார்த்தால்தான் மனதில் உறைக்கிறது. சின்ன ஆலாக்களும் இதே மணலில்தான் முட்டையிடுகின்றன. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான கூடுகட்டும் காலத்தில் முனையின் சில பகுதிகளை மூடிவிடுகிறார்கள். அந்த எல்லை ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கிளம்புவதற்கு முன்பு தெல்தேப்ரேயில் இருக்கும் பூங்கா மையத்தில் கேட்டுவிடுங்கள். விளக்குவரை போக முடியாது என்றால், முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ரியுமார் இருக்கிறது. ஆற்றின் வாய்க்கு அருகில், மரப்பாலம் போட்ட மணல்மேடுகளோடு, வீடுகளோடு, உணவகங்களோடு. நடக்க முடியாத பெரியவர்களோடு போகிறவர்களுக்கு நல்ல இடம். காட்டுக் கடற்கரை என்று அதைச் சொல்ல மாட்டேன்.

இரண்டு முனைகளையும் ஒப்பிடும்போது மணலின் கணக்கையும் பார்க்க வேண்டும். 1960-களில் மெக்கினென்சா, ரிபாரோஜா அணைகள் வந்த பிறகு, ஆறு கொண்டுவந்த வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. டெல்டாவுக்குப் புது மண் வருவதில்லை. இருக்கும் மணலைக் கடல் ஓரிடத்தில் அரித்து இன்னோரிடத்தில் சேர்க்கிறது. மார்க்கேசாவும் ஆற்றுமுனையும் தேய்கின்றன, ஃபங்காரின் நுனி வளர்கிறது. திராபுகதோரின் இடுப்பு மெலிகிறது, பன்யா பருக்கிறது. திராபுகதோர் 1990 அக்டோபர் புயலில் உடைந்தது. 2020 ஜனவரியில் குளோரியா புயல் அடித்தபோது கடல் அதன்மேல் ஏறிப் போனது, நெல்வயல்களில் உப்புநீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. ஒவ்வொரு முறையும் மணலைக் கொட்டித் திட்டை மீட்கிறார்கள். ஆற்று வண்டலைத் திறந்துவிடுங்கள் என்று இங்குள்ள விவசாயிகளும் மீனவர்களும் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பது முழுக்க நியாயம் என்று நினைக்கிறேன்.

கலங்கரை விளக்கங்களின் கதையும் இதையே காட்டுகிறது. 1864-இல் லூசியோ தெல் வாயே என்ற பொறியாளரின் வடிவமைப்பில் டெல்டாவில் மூன்று இரும்பு விளக்குகள் எழும்பின. ஃபங்காரில் ஒன்று, பன்யாவில் ஒன்று, நடுவே புதா தீவில் 50 மீட்டருக்கும் மேல் உயரமான ஒன்று. பன்யாவின் விளக்கைக் கழற்றித் தார்ரகோனா துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள், இன்றும் அங்கே பார்க்கலாம். ஃபங்காரில் இப்போது நிற்பது 1986-இல் கட்டியது. புதாவின் விளக்கைச் சுற்றியிருந்த நிலத்தைக் கடல் மெல்ல மெல்லத் தின்று, 1961-இல் விளக்கையே வீழ்த்திவிட்டது.

பயணத்துக்கு வருகிறேன். பார்சலோனாவிலிருந்து லால்தேயா நிலையம் வரை ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து கார் இல்லாமல் இரண்டு முனைகளுக்கும் போவது சிரமம். நிலம் தட்டையானது, சைக்கிள் எடுக்கலாம், ஆனால் எதிர்க்காற்றைக் கணக்கில் வையுங்கள். வயல்களில் தண்ணீர் நிற்கும் மாதங்களில், மாலையில் கொசு மொய்க்கும்.

ஜூலை, ஆகஸ்டில்தான் வர முடியும் என்றால் திராபுகதோருக்குப் போங்கள், விடியலில் போய்ப் பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். தேதியை நீங்களே தீர்மானிக்க முடிந்தால், செப்டம்பர் பிற்பகுதி அல்லது அக்டோபர். குஞ்சுகள் பறந்துபோயிருக்கும், கடல் இன்னும் சூடாக இருக்கும், வழியெல்லாம் அறுவடை முடிந்த நெல்தாளின் வாசனை வரும். அப்போது ஃபங்காருக்குப் போங்கள். காலை எட்டு மணிக்கே மார்க்கேசாவில் இருங்கள். வலதுகைப் பக்கம் கடல் வரும்படி, ஈரமணலில் நடக்கத் தொடங்குங்கள்.